நடுங்கும் கரங்களின் நண்பர்: ஜேம்ஸ் பார்க்கின்சன்

உலகில் பெரியோர் பலருடைய பெயர்கள் ஊர்களிலும் தெருக்களிலும் நிலைத்து நிற்கின்றன. கவிஞர்களின் பெயர் பாட்டில் வாழ்கிறது. அரசர்களின் பெயர் கல்வெட்டில் வாழ்கிறது. ஒரு மனிதருடைய பெயர் மட்டும் ஒரு நோயின் பெயராகி, மருத்துவமனைச் சீட்டுகளில் நாள்தோறும் எழுதப்பட்டு வருகிறது. அவரே ஜேம்ஸ் பார்க்கின்சன். கை நடுங்கி, கால் தயங்கி, உடல் முன்னோக்கி வளைந்து நடக்கும் முதியவரைப் பார்த்து மருத்துவர் சொல்லும் பெயர் அது. தமிழில் அந்நோயை நடுக்குவாதம் என்கிறோம்.

விலங்கியல் மாணவனாகிய நான், மூளையில் சுரக்கும் டோபமீன் என்னும் வேதிப்பொருளைப் பற்றியும், அதை ஏற்றுக்கொள்ளும் ஏற்பிகள் எலியின் நடையை எவ்வாறு ஆள்கின்றன என்பதைப் பற்றியும் படிக்க நேர்ந்தபோது, ஒவ்வொரு நூலிலும் இப்பெயர் முதற்பக்கத்திலேயே நின்றது. யார் இவர் என்று தேடிப் படித்தேன். கிடைத்த வாழ்க்கையோ, ஒரு நோயின் பெயருக்குள் அடங்காத பெருவாழ்க்கை! மருத்துவர், புரட்சிக்காரர், கல் பொறுக்கியவர், ஏழைகளின் தோழர் என்று பல முகம் கொண்ட அம்மனிதரின் வரலாற்றை நம் கல்லூரி மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதில் மகிழ்கிறேன்.

பிறப்பும் பயிற்சியும்

1755ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் ஜேம்ஸ் பார்க்கின்சன் பிறந்தார். பிறந்த இடம் இலண்டன் மாநகரின் வடபுறத்தே அந்நாளில் ஓரமாகக் கிடந்த ஹாக்ஸ்டன் என்னும் பகுதி. தந்தை ஜான் பார்க்கின்சன் அப்பகுதியின் மருத்துவர். மருந்தைத் தாமே கலந்து கொடுத்து, தேவைப்பட்டால் கத்தியும் பிடிக்கும் வகையைச் சேர்ந்தவர். நம் ஊர்ப்புறங்களில் ஒரு தெருவுக்கே குடும்ப மருத்துவராய் விளங்கிய பெரியவர்களை எண்ணிப் பார்த்தால் அவருடைய நிலை விளங்கும். ஹாக்ஸ்டன் சதுக்கத்தின் முதலாம் எண் வீடே அவர்களுக்கு இல்லமும் மருத்துவசாலையும்.

ஜேம்ஸ் தந்தையிடமே தொழில் பழகினார். 1776இல் இலண்டன் மருத்துவமனையில் சில மாதங்கள் பயிற்சி பெற்றார். அடுத்த ஆண்டிலேயே, இறந்தார் எனக் கருதத்தக்க நிலையிலிருந்த ஒருவரை உயிர் மீட்டமைக்காக அந்நாட்டின் உயிர்காப்புக் கழகம் அவருக்கு வெள்ளிப் பதக்கம் அளித்தது. 1784இல் அறுவை மருத்துவராகத் தொழில் புரிய உரிமை பெற்றார். பின்னர், புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹன்டரின் சொற்பொழிவுகளுக்குச் சென்று, சுருக்கெழுத்தில் குறிப்பெடுத்தார். அக்குறிப்புகளை அவருடைய மகன் 1833இல் நூலாக வெளியிட்டார். தந்தை, மகன், பேரன் என மூன்று தலைமுறை ஒரே தெருவில் மருத்துவம் பார்த்த குடும்பம் அது.

இவர் பெரிய பட்டங்கள் பெற்றவரல்லர், அரசவை மருத்துவருமல்லர். தெருவில் நடந்து சென்று, கதவைத் தட்டி, நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து பார்க்கும் சாதாரண மருத்துவராகவே இறுதிவரை இருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். பின்னால் அவர் செய்த பெருஞ்செயலுக்கு இந்தத் தெருவே பள்ளிக்கூடமாயிற்று.

அரசின் முன் நின்றவர்

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அதன் வெப்பம் இங்கிலாந்தையும் தாக்கியது. உழைப்போருக்கும் வாக்குரிமை வேண்டும் எனக் கோரிய இலண்டன் மடல் தொடர்புக் கழகத்தில் பார்க்கின்சன் உறுப்பினரானார். கிழ ஹியூபர்ட் என்னும் புனைபெயரில் துண்டு நூல்கள் எழுதினார். ஏழைகளின் மீது சுமத்தப்பட்ட வரிகளைக் கண்டித்தார். கூலி உயர்வுக்காக ஒன்றுசேரும் தொழிலாளரைச் சிறையிலடைக்கும் சட்டத்தைச் சாடினார். குருதி சிந்தாமலே சீர்திருத்தம் இயலும் என்பது அவர் கொள்கை.

1794இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை, காற்றுத் துப்பாக்கியால் நஞ்சு தோய்ந்த அம்பெய்து கொல்ல ஒரு சதி நடந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. கழகத்தைச் சேர்ந்தோர் சிலர் கைதாயினர். பார்க்கின்சன் மன்னரின் ஆலோசனைக் குழுவின் முன் விசாரணைக்கு நிறுத்தப்பட்டார். எதிரே அமர்ந்திருந்தோரில் தலைமை அமைச்சர் வில்லியம் பிட்டும் ஒருவர். துண்டு நூல்களை எழுதியவர் தாமே என்பதை அவர் அங்கே மறைக்கவில்லை. தண்டனை ஏதுமின்றித் திரும்பினார். நண்பர்களுக்காக அரசின் முன் துணிந்து நின்ற அந்த மருத்துவருக்கு அப்போது வயது 39.

பின்னாளில் அவர் அரசியல் மேடையை விட்டு விலகினாலும் ஏழைகளை விட்டு விலகவில்லை. 1799இலும் 1800இலும் பொதுமக்களுக்காக எளிய நடையில் உடல்நல நூல்கள் எழுதினார். அவற்றுள் ஒன்று சிற்றூர் மக்களுக்கென்றே எழுதப்பட்டது. சிறுவர்கள் விளையாட்டில் அடிபடாமல் இருக்க ஒரு நூல், கீல்வாதம் பற்றி ஒரு நூல், மனநோயாளர் விடுதிகள் பற்றி ஒரு நூல் என அவர் எழுதுகோல் ஓயவில்லை. 1812இல், குடல்வால் துளைபட்டு இறந்த சிறுவன் ஒருவனைப் பற்றித் தம் மகனோடு இணைந்து அவர் அளித்த குறிப்பு, குடல்வால் நோய் பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்த மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்றாகும்.

கல்லில் கடலைக் கண்டவர்

மருத்துவப் பணி முடிந்த நேரங்களில் பார்க்கின்சன் கற்களைத் தேடிப் போனார். பாறையில் பதிந்த சிப்பிகளும் நத்தைகளும் செடிகொடிகளும் அவரை ஈர்த்தன. முன்னை உலகின் உயிர் எச்சங்களைப் பற்றி 1804, 1808, 1811 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெருந்தொகுதிகளாக நூல் வெளியிட்டார். 1807இல் இலண்டன் நிலவியல் கழகத்தைத் தோற்றுவித்த 13 பேரில் இவரும் ஒருவர். சுருள் நத்தை போன்ற அம்மோனைட் வகை ஒன்றுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. 1822இல் அறுவை மருத்துவர்களின் அரச கல்லூரி அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

இவ்விடத்தில் நம் ஊராருக்கு ஒரு செய்தி உண்டு. திருமுதுகுன்றம் எனப் பழம்பெயர் கொண்ட நம் விருத்தாசலத்தின் சுற்றுப்புறமும், தெற்கே அரியலூர் வட்டாரமும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியாய் இருந்தவை. 1840களில் கே, கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் தொல்லுயிர் எச்சங்களைத் திரட்டினர். அவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்து 1846இல் அறிக்கை வெளியிட்டார். அது வெளிவந்தது, பார்க்கின்சன் தோற்றுவிக்கத் துணைநின்ற அதே நிலவியல் கழகத்தின் ஆய்வேட்டில்! பார்க்கின்சன் அப்போது உயிரோடில்லை. ஆயினும் அவர் நட்ட மரத்தின் நிழல் மணிமுத்தாற்றங்கரை வரை நீண்டது என்பதில் நமக்குப் பெருமையே.

கல்லைப் பார்க்கும் கண்ணுக்கும் நோயாளியைப் பார்க்கும் கண்ணுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. சிறு வேறுபாட்டையும் விடாமல் குறிப்பது, ஒன்றைப் போன்ற இன்னொன்றைத் தேடிச் சேர்ப்பது, தெரிந்ததைத் தெரிந்தவாறு எழுதுவது ஆகியன இரண்டிற்கும் பொது. அந்தப் பயிற்சியே அவரை 1817ஆம் ஆண்டின் சிறு நூலுக்குக் கொண்டு சென்றது.

தெருவில் பிறந்த ஆறு வரலாறுகள்

அந்த நூல் 66 பக்கங்களே கொண்டது. நடுக்க வாதத்தைப் பற்றிய கட்டுரை என்பது அதன் பெயர். அதில் வரும் நோயாளிகள் 6 பேர் மட்டுமே. அந்த 6 பேரிலும் எல்லாரும் அவரிடம் மருத்துவத்திற்கு வந்தவர்களல்லர். இருவரை அவர் தெருவில் தற்செயலாகச் சந்தித்தார். நடையில் ஏதோ வேறுபாடு கண்டு நிறுத்தி, பேசி, விவரம் கேட்டறிந்தார். ஒருவரைத் தொலைவிலிருந்தே பார்த்தார்.

அக்காலத்தில் நடுக்கம் என்பதும், முடக்கம் என்பதும், முதுமைத் தளர்ச்சி என்பதும் தனித்தனியாகப் பேசப்பட்டன. இவை அனைத்தும் ஒரே நோயின் பல முகங்கள் என்று கோத்துக் காட்டியவர் பார்க்கின்சன். நோய் எப்போது தொடங்கியது என்று நோயாளிக்கே தெரியாத அளவுக்கு மெல்ல வருகிறது. பெரும்பாலும் ஒரு கையில் தொடங்குகிறது. கை ஓய்ந்திருக்கும்போதே நடுக்கம் தெரிகிறது. வேலையில் ஈடுபட்டால் சற்று அடங்குகிறது. பின்னர் எழுத்து தடுமாறுகிறது. உடல் முன்னே வளைகிறது. நடக்கத் தொடங்கினால் கால்கள் தாமாகவே விரைந்து ஓட்டமாகின்றன. இவற்றையெல்லாம் நூலில் வரிசைப்படுத்தினார். இத்தனைக்கும் அவர் கையில் இருந்த கருவி கண் ஒன்றே!

நோயின் காரணம் எது? கழுத்துப் பகுதியின் தண்டுவடத்தில் ஏதோ கேடு இருக்கலாம் என்று ஊகித்தார். அது ஊகமே என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். இறந்தோர் உடலை ஆய்ந்து பார்க்கும் வாய்ப்புத் தமக்குக் கிட்டவில்லை. அவ்வாய்ப்புள்ளோர் உண்மையான காரணத்தைக் கண்டறிய வேண்டும், அப்போது மருந்தும் பிறக்கும் என்ற நம்பிக்கையோடு நூலை முடித்தார்.

1824ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், பக்கவாதம் தாக்கி, தம் 69ஆம் வயதில் அவர் மறைந்தார். திருமுழுக்குப் பெற்றதும் மணந்ததும் எந்தத் தேவாலயத்திலோ, அதே ஷோர்டிச் தூய லியோனார்டு தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய உண்மையான உருவப்படம் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. எத்தனையோ முதியவர்களின் உருவத்தை எழுத்தில் வரைந்தவருக்கு வரைபடம் இல்லாமற் போயிற்று!

கேள்விக்கு விடை தேடியவர்கள்

அந்தச் சிறுநூல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பெரிதும் கவனிப்பாரின்றிக் கிடந்தது. பாரிசில் வாழ்ந்த நரம்பியல் மேதை ஷார்க்கோ, 1860களிலும் 1870களிலும் இந்நோயை ஆழ்ந்து ஆராய்ந்து, உடல் விறைப்பையும் செயல் மந்தத்தையும் தெளிவாகப் பிரித்துக் காட்டி, இந்நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே சூட்டினார். 1919இல் திரெத்தியாகோஃப் என்னும் ஆய்வாளர், இந்நோயால் இறந்தோரின் நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதி வெளிறிப் போயிருப்பதைக் காட்டினார். பார்க்கின்சன் ஊகித்த இடத்திற்குச் சற்று மேலே, மூளைக்குள்ளேயே கேடு இருந்தது.

அந்தக் கருநிறப் பகுதியின் நரம்பணுக்கள் செய்யும் வேலை என்ன? இதற்கு விடை கிடைக்க மேலும் ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின. டோபமீன் என்னும் பொருளை 1910இலேயே இலண்டனில் வேதியியலார் செயற்கையாகச் செய்திருந்தனர். ஆனால் அது மூளையில் இருப்பது 1957இல்தான் தெரியவந்தது. அவ்வாண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்சன் ஓர் அரிய சோதனையை வெளியிட்டார். ரெசர்பின் என்னும் மருந்தை முயல்களுக்குச் செலுத்தினார். அவை காது தொங்க, அசையாமல் கிடந்தன. பின்னர் எல்-டோபா என்னும் பொருளைச் செலுத்தினார். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடின! எல்-டோபா என்பது உடலுக்குள் டோபமீனாக மாறும் மூலப்பொருள். மூளையில் டோபமீன் வற்றியதால் இயக்கம் நின்றது. அது மீண்டதால் இயக்கம் மீண்டது. இக்கண்டுபிடிப்பிற்காகக் கார்ல்சன் 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

அந்த ரெசர்பின் எங்கிருந்து வந்தது? நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து! சித்தப்பிரமைக்கும் குருதி அழுத்தத்திற்கும் அவ்வேர் பயன்படுவதை 1931இலேயே கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் எழுதியிருந்தனர். 1952இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது.

1960இல் வியன்னாவில் எரிங்கர், ஹோர்னிகீவிச் இருவரும் இந்நோயால் இறந்தோரின் மூளையை ஆய்ந்து, அங்கே டோபமீன் பெரிதும் குறைந்திருப்பதைக் காட்டினர். ஆக, இறந்தோர் உடலை ஆய்வோர் காரணம் காண்பர் என்று பார்க்கின்சன் வைத்த நம்பிக்கை 143 ஆண்டுகள் கழித்து நிறைவேறியது.

எலி சொன்ன பாடம்

டோபமீன் மட்டும் இருந்தால் போதுமா? சாவி மட்டும் இருந்தால் கதவு திறக்குமா? பூட்டு வேண்டாவோ? அந்தப் பூட்டே ஏற்பி. கருநிறப் பகுதியிலிருந்து புறப்படும் நரம்பிழைகள் மூளையின் நடுவே உள்ள வரியுடலம் என்னும் பகுதியில் டோபமீனைச் சொரிகின்றன. அங்குள்ள நரம்பணுக்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் காத்திருக்கின்றன. டோபமீன் ஏற்பியில் பொருந்தினால்தான் செய்தி உள்ளே செல்லும்.

இதை விளக்கியவை வெள்ளை எலிகள். சுவீடனில் உங்கர்ஸ்டெட் என்னும் அறிஞர் 1968 முதல் செய்த சோதனைகள் புகழ் பெற்றவை. டோபமீன் நரம்பணுக்களை அழிக்கும் ஒரு நஞ்சை எலியின் மூளையில் ஒரு பக்கம் மட்டும் செலுத்தினார். அந்த எலி ஒருபக்கம் சாய்ந்து வட்டமிடத் தொடங்கியது. எஞ்சிய டோபமீனை வெளியே தள்ளும் ஆம்பெட்டமைன் கொடுத்தால், எலி கேடுற்ற பக்கம் நோக்கிச் சுற்றியது. டோபமீனைப் போலவே ஏற்பியில் நேராகப் பொருந்தும் அப்போமார்ஃபின் கொடுத்தாலோ, எதிர்ப்பக்கம் நோக்கிச் சுற்றியது!

ஏன் இந்த மாற்றம்? கேடுற்ற பக்கத்து ஏற்பிகள் நெடுநாள் டோபமீன் கிடைக்காமல் பசித்துக் கிடந்தன. பசித்தவனுக்குக் கைப்பிடிச் சோறும் விருந்தாவது போல, சிறிதளவு மருந்துக்கே அவை பெரிதாக எழுந்தன. அதனால் அந்தப் பக்கம் வலுத்து, எலியை எதிர்ப்புறம் திருப்பியது. எலி சுற்றும் சுற்றுகளை எண்ணியே ஒரு மருந்து ஏற்பியில் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்க முடிந்தது. இன்றும் புதிய மருந்துகளைச் சோதிக்க இம்முறை பயன்படுகிறது.

ஏற்பிகளில் ஐந்து வகை உண்டு. அவற்றுள் நடையை ஆள்வதில் முதன்மையானவை டி1, டி2 ஆகிய இரண்டு. ஏற்பிகள் இருவகைப்படும் என்பதை 1979இல் கெபாபியன், கால்ன் இருவரும் தெளிவாக்கினர். ஒரு பேருந்தை ஓட்டுநர் கிளப்பும் காட்சியை எண்ணுங்கள். பிரேக்கை விட வேண்டும். ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். டி1 ஏற்பிகள் இயக்கத்தைத் தூண்டும் வழியை முடுக்குகின்றன. டி2 ஏற்பிகள் இயக்கத்தைத் தடுத்து நிறுத்தும் வழியைத் தளர்த்துகின்றன. ஒரே டோபமீன் இரண்டையும் செய்கிறது. டோபமீன் குறைந்தால் முடுக்கமும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. வண்டி நின்ற இடத்திலேயே உறுமுகிறது.

டி2 ஏற்பியை அடைக்கும் ஹாலோபெரிடால் என்னும் மருந்தை எலிக்குக் கொடுத்து, அதன் முன்னங்கால்களைத் தாழ்ந்த ஒரு கம்பியின் மேல் தூக்கி வைத்தால், எலி அப்படியே நிற்கும். கால்களில் வலு இருக்கிறது, எலும்பு முறியவில்லை, ஆயினும் காலை இறக்கி வைக்க அதனால் இயலவில்லை. 1995இல் டி2 ஏற்பியே இல்லாதவாறு உருவாக்கப்பட்ட சுண்டெலிகளும் மந்தமாகவே நடமாடின.

வாயற்ற இந்தச் சிற்றுயிர்கள் நமக்குச் சொன்ன உண்மை பெரிது. நடக்க மாட்டாமல் நிற்கும் முதியவர் சோம்பேறியல்லர். மனம் தளர்ந்தவரும் அல்லர். நடக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குண்டு. அந்த எண்ணத்தைக் காலுக்குக் கொண்டு சேர்க்கும் பூட்டும் சாவியுமே பழுதுபட்டுள்ளன.

சென்னையில் ஒரு விதை

இவ்வரலாற்றில் தமிழகத்திற்கும் ஒரு பக்கம் உண்டு. 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரன், ஆர். இராமசாமி என்னும் இருவர், பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்து, ஆங்கில உயிர்வேதியியல் இதழில் வெளியிட்டனர். வேலிகளில் படரும் அதே பூனைக்காலிதான். காயின் மேலுள்ள சுனை பட்டால் உடலெல்லாம் அரிக்கும். அவ்விதை நம் நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாக இடம்பெற்றது. ஆயினும் அந்த 1937ஆம் ஆண்டில், தங்கள் கையிலுள்ள வெண்பொடி பார்க்கின்சனின் கேள்விக்கு மருந்தாகப் போகிறது என்று சேப்பாக்கத்தில் யார் கண்டார்?

டோபமீனை நேராகக் கொடுத்தால் அது குருதியிலிருந்து மூளைக்குள் நுழையாது. எல்-டோபா நுழையும், நுழைந்தபின் டோபமீனாக மாறும். 1961இல் வியன்னாவில் நோயாளிகளுக்கு அதை ஊசி மூலம் செலுத்தினர், படுத்தவர்கள் எழுந்தனர். 1967இல் அமெரிக்காவில் கோட்ஸியாஸ் என்னும் மருத்துவர், சிறுகச் சிறுக அளவைக் கூட்டி வாய்வழியே கொடுத்து நீடித்த பயன் கண்டார். இன்றும் இந்நோய்க்குத் தலையாய மருந்து அதுவே. இதைப் படித்துவிட்டு யாரும் வேலியோரத்து விதையைப் பொடித்து உண்ணத் தொடங்கலாகாது. அளவு தவறினால் வாந்தியும் மயக்கமும் மனக்குழப்பமும் நேரும். மருத்துவரின் மேற்பார்வை இன்றியமையாதது.

நம் ஊரும் நம் கைகளும்

விருத்தாசலம் கைகளால் வாழும் ஊர். பீங்கான் தொழிற்பேட்டையில் அச்சில் வார்த்த பொம்மைகளின் விளிம்பைச் சீவும் கைகள், சூளையில் அடுக்கும் கைகள், மெல்லிய தூரிகையால் வண்ணமிடும் கைகள் எத்தனை! மயிரிழை பிசகினாலும் பொம்மையின் முகம் கோணிவிடும். இத்தகைய ஊரில் ஒருவர் கை நடுங்கத் தொடங்கினால், அது அவருடைய சோற்றையும் மதிப்பையும் சேர்த்தே அசைக்கிறது.

என் தாய்வழிப் பாட்டனார் பொம்மைகளுக்குக் கண் வரைபவர். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கண்கள் அவர் தூரிகையில் விழித்துக்கொள்ளும். 63 வயதில் அவருடைய வலக்கை, மடியில் ஓய்ந்திருக்கும்போது, மாத்திரை உருட்டுவது போல் அசையத் தொடங்கியது. வயதாகிவிட்டது, இனி ஓய்வெடுங்கள் என்றனர் ஊரார். பாட்டி மட்டும் ஒப்பவில்லை. வயது இரண்டு கைக்கும்தானே ஆகியிருக்கிறது, வலக்கை மட்டும் ஏன் ஆடுகிறது என்று கேட்டார். எழுத்தறியாத அந்த அம்மையாரின் கேள்வி, ஒருபக்கம் சுற்றிய உங்கர்ஸ்டெட்டின் எலியை எனக்கு நினைவூட்டுகிறது.

நரம்பியல் மருத்துவர், வாசலிலிருந்து நாற்காலி வரை பாட்டனார் நடந்து வந்ததைப் பார்த்தே பாதி தெரிந்துகொண்டார். அவர் உண்ணும் பிற மருந்துகள் எவை என்று விசாரித்தார். ஏனெனில் மனநோய்க்கும் வாந்திக்கும் கொடுக்கப்படும் சில மருந்துகள் டி2 ஏற்பியை அடைத்து இதே போன்ற நடுக்கத்தைத் தருவதுண்டு. அவற்றை மருத்துவர் மாற்றினால் பெரும்பாலும் நடுக்கம் குறையும். பாட்டனாருக்கு அப்படி ஏதுமில்லை. இன்று நாள்தோறும் மூன்று வேளை எல்-டோபா கலந்த மாத்திரை உண்கிறார். நோய் தீரவில்லை, தீர்க்கும் மருந்து இன்னும் பிறக்கவில்லை. ஆனால் காலையில் மாத்திரை வேலை செய்யும் அந்தச் சில மணி நேரம் அவருக்கே உரியது. கண்களை இப்போது மாமா வரைகிறார். ஆடைகளுக்கும் பீடங்களுக்கும் பாட்டனாரே வண்ணமிடுகிறார். வேலையில் இருக்கும்போது கை சற்று அடங்குகிறது. பார்க்கின்சன் 1817இல் குறித்தது என் வீட்டுத் திண்ணையிலும் உண்மையாயிற்று.

நாம் கற்க வேண்டியது

முதியவள் வடிவில் வந்த நம் ஊர் அம்மன் இளமை வடிவு கொண்டு காட்சி தந்ததாகத் தலபுராணம் கூறும். முதுமையை இளமையாக்கும் வரம் அறிவியலுக்கு வாய்க்கவில்லை. ஆயினும் முதுமைக்கும் நோய்க்கும் வேறுபாடு காணும் கண்ணை அது நமக்குத் தந்துள்ளது. அக்கண்ணை முதலில் திறந்தவர் பார்க்கின்சன். அவரிடம் ஆய்வுக்கூடம் இல்லை, நுண்கருவி இல்லை, எலியும் இல்லை. தெருவில் தம்மைக் கடந்து சென்ற ஒரு முதியவரை நிறுத்தி, ஐயா, இது எப்போது தொடங்கியது என்று கேட்கும் அன்பு இருந்தது. விடை தெரியாத இடத்தில் தெரியாது என்று எழுதும் நேர்மையும் இருந்தது. அந்த அன்பும் நேர்மையும் விட்டுச் சென்ற கேள்வியைத்தான் பாரிசும் வியன்னாவும் சுவீடனும் சென்னையும் கைமாற்றிக் கைமாற்றி விடைக்கு அருகே கொண்டு சேர்த்தன.

ஏப்ரல் 11, அவர் பிறந்த நாள், உலக பார்க்கின்சன் நாளாகக் கொண்டாடப்படுகிறது. மாணவ நண்பர்களே! கடைத்தெருவில் நமக்கு முன்னே மெல்ல அடியெடுத்து வைக்கும் பெரியவரை ஒதுக்கி முந்திச் செல்லும் முன், ஒரு நொடி அவர் நடையைப் பாருங்கள். ஒரு கை வீசாமல் தொங்குகிறதா? காலடி குறுகுகிறதா? எழுத்து சிறுத்துவிட்டது என்கிறாரா? வயதின் மேல் பழியைப் போட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உருவப்படம் இல்லாத அந்த ஹாக்ஸ்டன் மருத்துவருக்கு நாம் செலுத்தக்கூடிய அஞ்சலி அதைவிட வேறில்லை. வாழ்க அவர் புகழ்!